நடுவானில் மோதாமல் பறக்க: பரபரப்பான விமான நிலையங்களை நெருங்கும் புதிய விமானிகளுக்கு

சிறிய விமானங்கள் நடுவானில் மோதும் விபத்துகளில் பெரும்பாலானவை பட்டப்பகலில், வானம் பளிச்சென்று இருக்கும்போதே நடக்கின்றன. விமான நிலையத்தை ஒட்டிய சில மைல்களுக்குள், தாழ்வான உயரத்தில், முக்கியமாகத் தரையிறங்கப் போகும் நேரத்தில். நேருக்கு நேர் மோதுவது குறைவு. வேகமான விமானம் பின்னாலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வந்து மெதுவானதைப் பிடித்துவிடுவதுதான் அதிகம். நல்ல வானிலையில்தான் எல்லோரும் கிளம்புகிறோம், எல்லோருக்கும் போய்ச் சேர வேண்டியது அந்த ஒரே ஓடுபாதை. கூட்டம் அங்கேதான் சேரும்.

தனியாகப் பறக்க ஆரம்பித்திருக்கும் பயிற்சி விமானிகளுக்கும், இப்போதுதான் உரிமம் கைக்கு வந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கண், காது, கருவி, டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) என்று நான்கு துணைகள் நமக்கு உண்டு. நான்கில் எதையும் தனியாக நம்பிப் பறக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. விதிகளின் நுணுக்கம் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். அங்கே உங்கள் விதிப்புத்தகமும் பயிற்றுநரும் சொல்வதே முடிவு.

நகராத புள்ளி

முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. இரண்டு விமானங்கள் நேர்கோட்டில், மாறாத வேகத்தில், மோதும் பாதையில் வந்துகொண்டிருந்தால், ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது விமானத்தின் முன்கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும். இடமோ வலமோ, மேலோ கீழோ நகராது. பெரிதாக மட்டும் ஆகும். நம் கண்ணுக்கோ நகரும் பொருள்தான் சட்டென்று தட்டுப்படும். ஆக, ஆபத்தில்லாமல் குறுக்கே கடந்துபோகும் விமானம் எளிதில் தெரிகிறது. நம் மேல் வந்து மோதப்போவது தெரியாமலே போகிறது.

அது பெரிதாகும் விதமும் நமக்குச் சாதகமாக இல்லை. செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி சுமார் 11 மீட்டர். ஒரு நாட்டிக்கல் மைல் தூரத்தில் அது முழு நிலவின் அகலத்தைவிடக் குறைவு. கையை நீட்டி அளந்தால் மூன்று, நான்கு மில்லிமீட்டர்தான். அதுவும் மெல்லிய கோடு. இரண்டு விமானங்களும் 120 நாட் (மணிக்கு 120 நாட்டிக்கல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வந்தால் அந்த ஒரு மைல் 15 வினாடியில் தீர்ந்துவிடும். அரை மைலுக்கு வரும்போதும் அது ஏழு மில்லிமீட்டர்தான், மிச்சம் ஏழரை வினாடி. கடைசி இரண்டு மூன்று வினாடிகளில்தான் திடீரென்று கண்ணாடி முழுக்க விரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ தன் ஆலோசனைச் சுற்றறிக்கையில் ஒரு கணக்கு தருகிறது. ஒரு பொருளைக் கண் காண 0.1 வினாடி, அது விமானம் என்று உணர 1 வினாடி, மோதும் பாதையில் இருக்கிறது என்று புரிய 5 வினாடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 வினாடி, கை அசைய 0.4 வினாடி, விமானம் அதற்குக் கட்டுப்பட 2 வினாடி. கூட்டினால் 12.5. மேலே சொன்ன 15 வினாடியில் இதைக் கழித்துப் பாருங்கள். ஒரு மைலில் பார்த்தால்கூட மிஞ்சுவது இரண்டரை வினாடி. இந்தப் பட்டியலில் புரிவதற்கும் முடிவெடுப்பதற்கும் மட்டும் 9 வினாடி போகிறது. பயிற்சியால் குறைக்க முடிவது அதைத்தான். அங்கே யாரோ வருகிறார் என்று காதால் முன்பே தெரிந்திருந்தால் அந்த 9 வினாடி வெகுவாகச் சுருங்கும்.

கிளம்பும் முன்

கண்ணாடியைத் துடையுங்கள். அற்பமாகத் தோன்றலாம். ஆனால் கண்ணாடியில் ஒட்டிய பூச்சிக் கறைக்கும் ஒரு மைலில் வரும் விமானத்துக்கும் கண்ணில் பட்ட கணத்தில் வேறுபாடு கிடையாது. இரண்டும் நகராத புள்ளிகள். கறைகள் இருந்தால் மூளை புள்ளிகளைக் கண்டுகொள்ளாமல் விடப் பழகிவிடும்.

அப்புறம், வரைபடத்தை எடுத்து உங்கள் பாதையில் எங்கே நெரிசல் இருக்கும் என்று குறியுங்கள். பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டு வான்வெளி அடுக்கடுக்காக இருக்கும். அதன் அடித்தட்டுக்கும் தரைக்கும் நடுவில் உள்ள ஒடுங்கிய இடத்தில்தான் சிறிய விமானங்கள் எல்லாம் நுழைந்து போகின்றன. எல்லோரும் அடித்தட்டுக்கு நூறு அடி கீழே என்று ஒரே உயரத்தைப் பிடிப்பார்கள். நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் மேல் 2009 ஆகஸ்ட் 8 அன்று ஒரு பைப்பர் விமானமும் சுற்றுலா ஹெலிகாப்டரும் மோதி 9 பேர் இறந்தது அப்படிப்பட்ட ஒரு வழித்தடத்தில்தான். இத்தகைய இடங்களில் தனி அலைவரிசையும், போகவும் வரவும் வெவ்வேறு உயரங்களும் வைத்திருக்கலாம். கிளம்பும் முன்பே அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டவருக்குத் தகவல் சொல்லும் அடையாளப் புள்ளிகளும் இப்படித்தான். ஏரி, பாலம், புகைபோக்கி என்று வரைபடத்தில் ஒரு புள்ளி இருக்கும். வருகிற எல்லோரும் அதன் தலைக்கு மேலேயே வருவார்கள். ஜிபிஎஸ் வந்த பிறகு இது இன்னும் மோசமாகிவிட்டது. எல்லோரும் ஒரே கோட்டில், சில மீட்டர் பிசகாமல் பறக்கிறோம். அனுமதிக்கும் இடங்களில் கோட்டுக்கு அரை மைல் வலப்பக்கமாகப் பறப்பது நல்ல பழக்கம். ஆற்றையோ நெடுஞ்சாலையையோ பின்பற்றினால் அது உங்கள் இடப்பக்கம் இருக்கட்டும். எதிரே வருபவரும் அப்படியே செய்தால் நடுவில் இடம் கிடைக்கும்.

பக்கத்தில் பயணி இருந்தால் அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடிகார முள் கணக்கில் திசை சொல்ல ஒரு நிமிடத்தில் கற்றுக்கொடுக்கலாம். "எந்த விமானத்தைப் பார்த்தாலும் சொல்லுங்கள், நான் பார்த்திருப்பேன் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்" என்று கேளுங்கள். நிலையத்துக்குப் பத்து மைல் இருக்கும்போது மற்ற பேச்சு எல்லாம் நின்றுவிடும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது

தலையை இடமிருந்து வலமாக ஒரே இழுப்பில் திருப்பினால் வானத்தைப் பார்த்த திருப்திதான் மிஞ்சும். கண் ஓடிக்கொண்டிருக்கும்போது அது கூர்மையாக எதையும் பிடிக்காது, நின்றால்தான் பிடிக்கும். வானத்தைப் பத்துப் பத்து டிகிரியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் குறைந்தது ஒரு வினாடி நிறுத்துங்கள். நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறக்குறைய பத்து டிகிரி. தொடுவானத்துக்கு மேலும் கீழும் பத்து டிகிரி சேர்த்துப் பாருங்கள்.

வெறும் நீல வானத்தைப் பார்க்கும்போது கண் தானாகவே சில மீட்டர் தூரத்துக்குக் குவிந்துவிடும், நீங்கள் உணர மாட்டீர்கள். மங்கலான வெயில் நாளில் இன்னும் அதிகம். அதனால் அவ்வப்போது தூரத்து மலையையோ மேக விளிம்பையோ பார்த்துக் கண்ணைத் தூரத்துக்குக் கொண்டுபோய், அப்புறம் தேடுங்கள். கருவிகளைப் பார்க்க மூன்று, நான்கு வினாடி, வெளியே பதினைந்து, இருபது வினாடி என்ற விகிதத்தைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடியின் சட்டத் தூணை மறந்துவிடாதீர்கள். மோதும் பாதையில் வரும் விமானம் ஒரே இடத்தில் நிற்கும் என்றோமே, அந்த இடம் தூணுக்குப் பின்னால் அமைந்துவிட்டால் கடைசிவரை தூணுக்குப் பின்னாலேயே இருக்கும். எவ்வளவு ஒழுங்காக வானத்தை அளந்தாலும் தெரியாது. உடம்பை முன்னால் சாய்த்து, தலையைப் பக்கவாட்டில் நகர்த்தி, தூணுக்கு அப்பாலும் பார்க்க வேண்டும். உட்கார்ந்த இடத்தில் கழுத்தை மட்டும் திருப்பும் விமானியை எனக்குப் பிடிக்காது. முதுகு அசைய வேண்டும்.

விமானத்தின் அமைப்பும் மறைக்கும். செஸ்னா போல இறக்கை மேலே இருந்தால் மேல்பக்கம் மறையும். திரும்பும்போது, திரும்பும் பக்கமே மறைந்துவிடும். பைப்பர் செரோக்கி போல இறக்கை கீழே இருந்தால் கீழ்ப்பக்கம் மறையும். ஒரே ஃபைனலில் (ஓடுபாதைக்கு நேராக இறங்கும் கடைசிப் பகுதியில்) தாழ்ந்த இறக்கை விமானம் மேலேயும் உயர்ந்த இறக்கை விமானம் கீழேயும் இறங்கிக்கொண்டிருந்தால் இருவருக்கும் மற்றவர் தெரியவே மாட்டார். உயர்ந்த இறக்கை விமானத்தில், திரும்புவதற்கு முன் அந்தப் பக்க இறக்கையை ஒரு கணம் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். நீண்ட ஏற்றத்திலும் இறக்கத்திலும் மூக்கு மறைப்பதால் இடமும் வலமுமாக மெல்லத் திரும்பிக்கொண்டே போங்கள்.

பத்து மைலில்

நிலையத்தின் அலைவரிசையைப் பத்து மைலுக்கு முன்பே வைத்துக் கேட்கத் தொடங்குங்கள். பேசுவதற்கு முன் கேளுங்கள். டவுன்விண்டில் (ஓடுபாதைக்கு இணையாக, இறங்கும் திசைக்கு எதிராகப் பறக்கும் பகுதியில்) ஒருவர், ஐந்து மைல் ஃபைனலில் ஒருவர், புறப்படக் காத்திருப்பவர் ஒருவர் என்று மனதில் ஒரு படம் வரைந்துகொள்ளுங்கள். முழங்கால் பலகையில் எழுதினாலும் சரி. இந்தப் படம் இருந்தால் கண்ணுக்கு எங்கே தேடுவது என்று தெரியும்.

டவர் இல்லாத நிலையமானால், நிலையத்தின் பெயர், விமான வகையும் எண்ணும், இடம், உயரம், என்ன செய்யப்போகிறீர்கள், மறுபடி நிலையத்தின் பெயர் என்ற வரிசையில் சொல்லுங்கள். ஒரே அலைவரிசையைப் பல நிலையங்கள் பகிர்வதால்தான் பெயரை இரண்டு முறை சொல்கிறோம். கருவிகளை வைத்து இறங்குபவர்கள் பயன்படுத்தும் புள்ளிப் பெயர்களைச் சொல்லாதீர்கள். சர்க்யூட்டில் (ஓடுபாதையைச் சுற்றிய செவ்வகப் பாதையில்) தனியாகச் சுற்றும் பயிற்சி மாணவருக்கு அது புரியாது. "வடக்கே 5 மைல், 2,000 அடி" என்றால் எல்லோருக்கும் புரியும். ரேடியோவே இல்லாத விமானமும், தவறான அலைவரிசையில் பேசுபவரும் வானில் இருப்பார்கள். அமைதியாக இருப்பதால் யாருமில்லை என்று எண்ணிவிட வேண்டாம்.

விளக்குகளைப் போடுங்கள், தரையிறங்கும் விளக்கு உட்பட, பகலாக இருந்தாலும்.

சர்க்யூட்டுக்குள்

சர்க்யூட் உயரத்தை வெளியிலேயே பிடித்துவிட்டு உள்ளே நுழையுங்கள். பெரும்பாலும் தரையிலிருந்து 1,000 அடி. மேலிருந்து சர்க்யூட்டின் நடுவே இறங்குவது, கீழே இருப்பவரின் கூரை மேல் இறங்குவது. சில நாடுகளில் டவுன்விண்டுக்கு 45 டிகிரி கோணத்தில் நுழைவார்கள். சில நாடுகளில் 2,000 அடியில் தலைக்கு மேல் வந்து, விமானங்கள் சுற்றாத பக்கத்தில் இறங்கிச் சேர்வார்கள். எந்த முறை உங்கள் இடத்தில் வழக்கமோ அதையே செய்யுங்கள். மற்றவர்கள் உங்களை எங்கே எதிர்பார்க்கிறார்களோ அங்கே இருப்பதே பாதிப் பாதுகாப்பு.

இதனால்தான் நேரே நீண்ட ஃபைனலில் வருவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. பல இடங்களில் அதற்குத் தடை இல்லை. ஆனால் சர்க்யூட்டில் இருப்பவர்கள் பார்க்கும் திசையிலிருந்து நீங்கள் வரவில்லை. கலிஃபோர்னியாவின் வாட்சன்வில்லில், டவர் இல்லாத நிலையத்தில், 2022 ஆகஸ்ட் 18 அன்று இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று நேர் ஃபைனலில், இறங்குவதற்கு வேண்டியதைவிட மிக அதிக வேகத்தில் வந்தது. சர்க்யூட்டிலிருந்து ஒரு செஸ்னா 152 அதற்கு முன்னால் ஃபைனலுக்குத் திரும்பியது. இருவரும் ரேடியோவில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பின்னால் வருவது மிக வேகமாக நெருங்குகிறது என்று 152-இன் விமானி சொல்லி விலக முயன்ற வேளையில் மோதல் நடந்தது. 3 பேர் இறந்தார்கள்.

பேஸில் (டவுன்விண்டுக்கும் ஃபைனலுக்கும் நடுவிலுள்ள குறுக்குப் பகுதியில்) இருக்கும்போது "அவருக்கு முன்னால் நான் இறங்கிவிடலாம்" என்ற கணக்கு வேண்டாம். ரேடியோவில் மூன்று மைல் என்று சொன்னவர் 70 நாட் வேகத்தில் வருகிறாரா, 150 நாட் வேகத்தில் வருகிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. கண்ணால் பார்க்கும்வரை டவுன்விண்டை நீட்டுங்கள். அல்லது விலகிப் போய் மறுபடி வாருங்கள். ஃபைனலுக்குத் திரும்பும் முன், ஃபைனல் கோட்டின் வெளிப்பக்கத்தைக் கடைசியாக ஒரு முறை முழுதாகப் பாருங்கள். அந்தப் பார்வையை எந்தச் சோதனைப் பட்டியலும் தள்ளிப்போடக் கூடாது.

இணை ஓடுபாதைகள்

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓடுபாதைகள் உள்ள நிலையங்கள்தான் புதியவர்களுக்குக் கடினம். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டவர் இருக்கும், எல்லாம் ஒழுங்காகத் தெரியும். ஆனால் இரண்டு ஃபைனல்களுக்கும் நடுவே இருப்பது சில நூறு அடி. பேஸிலிருந்து திரும்ப இரண்டு வினாடி தாமதித்தால் பக்கத்து ஃபைனலில் இருப்பீர்கள்.

கொலராடோவின் சென்டென்னியல் நிலையத்தில் 2021 மே 12 அன்று அதுதான் நடந்தது. ஒரு சிறிய சிர்ரஸ் விமானம் வேகமாக வந்து தன் கோட்டைத் தாண்டிப் போய், இணை ஓடுபாதைக்கு இறங்கிக்கொண்டிருந்த மெட்ரோலைனர் சரக்கு விமானத்தில் மோதியது. சிர்ரஸ் தன் பாராசூட்டில் இறங்கியது, மற்றது கிழிந்த உடலோடு தரையிறங்கியது, யாருக்கும் உயிரிழப்பில்லை. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 17 அன்று, வடக்கு லாஸ் வேகாஸில் ஒரு பைப்பர் தனக்குச் சொன்ன இடது ஓடுபாதையை விட்டு வலது ஓடுபாதையின் ஃபைனலுக்குப் போய், அங்கிருந்த செஸ்னா 172-இல் மோதியது. 4 பேர் இறந்தார்கள். இரண்டு இடங்களிலும் டவர் இயங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே, டவுன்விண்டிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வேகம் கூடக் கூடத் திரும்பும் வட்டம் பெரிதாகும். பேஸில் பின்காற்று அடித்தால் இன்னும் முன்பே திரும்பத் தொடங்குங்கள். ஓடுபாதை எண்ணோடு இடமா வலமா என்பதையும் வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள். திசைகாட்டியில் எண்ணையும், கண்ணாடியில் இரண்டு பாதைகளையும் பார்த்து, "இடது, என்னுடையது இது" என்று உறுதி செய்யுங்கள். இரண்டு பாதைகளுக்கும் தனித்தனி அலைவரிசை இருந்தால் பக்கத்து விமானத்தின் பேச்சு உங்களுக்குக் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கோட்டைத் தாண்டப்போகிறோம் என்று தெரிந்தால் ரடரை (வால் சுக்கானை) மிதித்து இறுக்கித் திருப்பாதீர்கள். அந்த உயரத்தில் விமானம் ஸ்டால் ஆகி, அதாவது இறக்கை தூக்கும் விசையை இழந்து, சுழன்றால் மீட்க இடமில்லை. இறக்கத்தை நிறுத்தி, உங்கள் பக்கத்துக்கே மிதமாகத் திரும்பி, டவருக்குச் சொல்லிவிட்டு, கோ அரவுண்ட் (இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றிவருவது) செய்யுங்கள்.

டவர் பேசும்போது

கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானங்களை வரிசைப்படுத்துவதும் தகவல் சொல்வதும் டவரின் வேலை. பார்த்து விலகும் பொறுப்பு அப்போதும் விமானியிடமே இருக்கிறது. "உங்கள் இரண்டு மணித் திசையில் ஒரு விமானம்" என்று ரேடார் கட்டுப்பாட்டாளர் சொன்னால், அவர் பார்ப்பது நீங்கள் தரை மேல் நகரும் பாதையை. உங்கள் மூக்கு எங்கே பார்க்கிறது என்று அவருக்குத் தெரியாது. வலப்பக்கக் காற்றுக்காக மூக்கை 15 டிகிரி வலது பக்கம் திருப்பி வைத்திருந்தால், அவர் சொன்ன இரண்டு மணி உங்களுக்கு ஒன்றரை மணியில் இருக்கும். அதைச் சேர்த்துத் தேடுங்கள்.

பார்க்காமல் "பார்த்துவிட்டேன்" என்று சொல்லாதீர்கள். சொன்ன நொடியில் கட்டுப்பாட்டாளர் அந்தக் கவலையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறார். பார்த்தது மறைந்துவிட்டால் அதையும் உடனே சொல்ல வேண்டும். சான் டியேகோவில் 1978 செப்டம்பர் 25 அன்று ஒரு போயிங் 727 பின்னாலிருந்து செஸ்னா 172 ஒன்றின் மேல் மோதி, தரையில் இருந்தவர்கள் உட்பட 144 பேர் இறந்தார்கள். செஸ்னாவைப் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்ட விமானிகள், அது கண்ணிலிருந்து மறைந்ததைக் கட்டுப்பாட்டாளரிடம் தெரிவிக்கவில்லை என்பதை விசாரணை முக்கியக் காரணமாகக் காட்டியது. "தெரியவில்லை, தேடுகிறேன்" என்று சொல்ல வெட்கம் வேண்டாம். அதைக் கேட்டால் அவர் உங்களைத் திருப்பிவிடுவார், அல்லது மற்றவரைத் திருப்புவார்.

திரையும் டிரான்ஸ்பாண்டரும்

ரேடாருக்குப் பதில் சமிக்ஞை அனுப்பும் டிரான்ஸ்பாண்டரை உயரம் சொல்லும் நிலையில் எப்போதும் போட்டு வையுங்கள். அது உங்களுக்காக மட்டும் வேலை செய்வதில்லை. பயணி விமானங்களில் இருக்கும் டிகாஸ் என்ற மோதல் தவிர்ப்புக் கருவி உங்களைத் தவிர்க்க மேலே ஏறவா கீழே இறங்கவா என்று கணிப்பதற்கு உங்கள் உயரம் தேவை. லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிட்டோஸில் 1986 ஆகஸ்ட் 31 அன்று ஒரு டிசி-9 பயணி விமானத்தின் மீது மோதிய பைப்பரின் டிரான்ஸ்பாண்டர் உயரத்தை அனுப்பவில்லை. 82 பேர் இறந்தார்கள். பெரிய நிலையங்களைச் சுற்றி 30 நாட்டிக்கல் மைலுக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டர் வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் அதற்குப் பிறகுதான் வந்தது.

விமானங்கள் தாமே அனுப்பும் இருப்பிடத்தைக் காட்டும் ஏடிஎஸ்-பி திரை நல்ல துணை. பத்து மைல் தள்ளி, கண் எட்டாத தூரத்தில் யார் எங்கே இருக்கிறார் என்று காட்டும். தூரத்தில் இருக்கும்போது அதை நன்றாகப் பயன்படுத்துங்கள். சர்க்யூட்டுக்குள் வந்ததும் திரையை விட்டுவிட்டு வெளியே பாருங்கள். எல்லா விமானமும் அதில் தெரியாது, தெரிவதும் சற்றுத் தாமதமாகத் தெரியலாம். ஒலி எச்சரிக்கை வசதி இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம், அதற்குக் கண்ணைக் கீழே கொண்டுபோக வேண்டியதில்லை.

யார் விலகுவது

நேருக்கு நேர் என்றால் இருவரும் வலப்பக்கம். பாதைகள் குறுக்கிட்டால், மற்றவரைத் தன் வலப்பக்கத்தில் காண்பவர் விலக வேண்டும். முந்துபவர் வலப்பக்கமாக முந்த வேண்டும். இறங்கும்போது தாழ்வாக இருப்பவருக்கு முன்னுரிமை, ஆனால் அதைச் சாக்காக வைத்துக் குறுக்கே நுழையக் கூடாது. கிளைடருக்கும் பலூனுக்கும் எஞ்சின் விமானம் வழிவிடும். இரவில் எதிரே இறக்கை விளக்குகளின் சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தால் அது உங்களை நோக்கி வருகிறது.

உரிமை உங்களுடையதாக இருந்தாலும், மற்றவர் உங்களைப் பார்த்திருக்கிறார் என்று எண்ணாதீர்கள். குறுக்கே போகிறவரின் வால்பக்கமாகத் திரும்புங்கள், உங்கள் கண்ணிலிருந்து அவர் மறையாதபடி. புள்ளி கண்ணாடியில் நகர ஆரம்பித்துவிட்டதா என்று பாருங்கள். ஆரம்பித்துவிட்டால் நீங்கள் மோதும் பாதையிலிருந்து வெளியே வந்துவிட்டீர்கள். அப்போதும் ஒருவர் போனதும் நிம்மதியாகிவிடாமல் இன்னொருவரைத் தேடுங்கள்.

மயிரிழையில் தப்பினால்

முதலில் விமானத்தைப் பறக்க வையுங்கள், சர்ச்சை ரேடியோவில் வேண்டாம். தரையிறங்கியதும், ஞாபகம் கலைவதற்குள், நேரம், இடம், உயரம், உங்கள் திசை, மற்றவர் வந்த திசை, அவருடைய விமானத்தின் நிறமும் இறக்கை மேலேயா கீழேயா என்பதும், முதலில் பார்த்தபோது இருந்த தூரம், என்ன செய்தீர்கள் என்பதையெல்லாம் எழுதிவைத்து, உங்கள் நாட்டின் அமைப்புக்குத் தெரிவியுங்கள். அமெரிக்காவில் 1976 முதல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை இருக்கிறது. பத்து நாளுக்குள் அனுப்பினால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்கு உரிமத் தண்டனையிலிருந்து விலக்கும் கிடைக்கலாம். பிரிட்டனில் இதற்கென்றே ஏர்ப்ராக்ஸ் வாரியம் உண்டு. பயிற்சிப் பள்ளியில் பறப்பவர் என்றால் அன்றே பயிற்றுநரிடம் சொல்லுங்கள். அதே அடையாளப் புள்ளிக்கு மேல் நாளைக்கு வேறொரு மாணவர் தனியாகப் பறக்கப் போகிறார்.